ஓரெழுத்துச் சாட்சி

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். உன் நலத்தைப் பற்றி ஏழு மாதமாக நீ ஒரு வரிகூட எழுதாததால், அதையும் நலம் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் வைத்த கம்பி குத்துகிறதா, குளியலறையில் நான் போட்ட ரப்பர் விரிப்பு அங்கேயே கிடக்கிறதா, அல்லது என் மேலுள்ள கோபத்தில் அதையும் சுருட்டிப் பரணில் எறிந்துவிட்டாயா என்றெல்லாம் கேட்கப்போவதில்லை. இது வெறும் தகவல் கடிதம். என் நிரந்தர வதிவிட வழக்கில் முடிவு வந்துவிட்டது. முறைப்படி, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கதைப்புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் உன் வேலையை இங்கே காட்டாதே.

நிரந்தரமாகக் குடியிருக்கும் அட்டை வைத்திருப்பவர் ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். நீ குளியலறையில் வழுக்கி விழுந்தாய் என்று கேட்டு மூன்று மாதத்துக்கென்று ஓடி வந்தவள், உன்னோடு நான்கு வருடம் இருந்துவிட்டேன். திரும்பி வந்து விமானம் இறங்கியதும், ‘நிரந்தரம்’ என்று அச்சடித்த என் அட்டையை ஓர் அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். நிரந்தரம் என்ற சொல்லுக்கு இப்படிப் பொருள் சொல்லும் அகராதி எதையும் நான் பார்த்ததில்லை. அதை அவரிடமே சொன்னேன். மகன் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டான்.

மகன் பிடித்த வக்கீல் பேசும்போதெல்லாம் பேனாவால் மேசையைத் தட்டுகிறவர். மனதுக்குள் அவருக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். “அம்மா, இந்த நாட்டுல உங்களுக்கு வேர் இருக்குன்னு நாம காட்டணும். உங்க பேர்ல என்னென்ன இருக்கு?” என்றார். வீடு மகன் பெயரில், மின்சாரம் மகன் பெயரில், தொலைபேசி மருமகள் பெயரில். “என் பேர்ல மூட்டுவலி இருக்கு” என்றேன். “அதுக்கு ஏதாவது ரசீது இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தட்டினார். வேடிக்கையாகக் கேட்கவில்லை, குட்டி. நிஜமாகவே குறிப்பேட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் என்னை வேர்விட வைக்கும் வேலை அன்றே தொடங்கியது. முதலில் நூலகத்தில் சேர்ந்தேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. யோசிக்காமல் உன் பெயரை எழுதிவிட்டேன். நூலகக்காரி உன் தொலைபேசி எண்ணின் நீளத்தைப் பார்த்துவிட்டு, “அவங்க வந்து சேர எவ்வளவு நேரமாகும்?” என்றாள். பிறகு, பல் மருத்துவரிடம் போய்வந்தால் அதற்கும் ஒரு சான்று கிடைக்கும் என்று மரங்கொத்தி சொன்னதைக் கேட்டு அங்கேயும் போனேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கி, டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார். வேர் இருக்கிறது என்று காட்டப் போய், இருந்த வேரையும் பறிகொடுத்து வந்தேன்.

அடுத்து அக்கம்பக்கத்தாரின் சாட்சிக் கடிதம். எதிர்வீட்டுக்காரரோடு இத்தனை வருடத்தில் மூன்று முறை வணக்கம் பரிமாறியிருக்கிறேன். அவர் மறுக்காமல் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: ‘இந்த அம்மையாரைப் பத்து வருடமாக, ஒரு நாள் தவறாமல், மாடி ஜன்னலில் நிற்கக் காண்கிறேன்.’ மரங்கொத்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் உறுத்தியது. அந்தப் பத்தில் நான்கு வருடம் நான் உன் வீட்டில் அல்லவா இருந்தேன்? மாடிக்குப் போய்ப் பார்த்தேன். என்னுடைய நீளக் கோட்டு ஜன்னலோரம் மாட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இல்லாத நான்கு வருடமும் அதுதான் எனக்காக நின்றிருக்கிறது. கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவி வக்கீலிடமே திருப்பிக் கொடுத்தேன். “இது கோட்டுக்குக் கொடுத்த சாட்சி. எனக்கு வேண்டாம்.” “அம்மா, கோட்டும் உங்களோடதுதானே!” என்று அவர் கெஞ்சினார். பொய்ச்சாட்சியைப் பற்றிக் கான்வென்ட்டில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று நீயே சொல்.

இடையில் வீட்டு விஷயமும் சொல்லிவிடுகிறேன். காலை ஏழரைக்கு மகனும் மருமகளும் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவார்கள். நல்லவர்கள். குளிர்பதனப் பெட்டியின் மேல் ‘அத்தை, சாப்பிட்டுவிடுங்கள்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். தினமும் அதே சீட்டுதான்; ஓரம் சுருண்டுவிட்டது. துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடும். நேற்று நான் அதற்கு “வரேன், வரேன், கத்தாதே” என்று பதில் சொல்லிவிட்டேன். உன் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

விசாரணைக்கு வருகிறேன். சிறிய அறை, நீள மேசை. அதிகாரி கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் அம்மையார். எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லியும், விதி என்று ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். “இங்கேருந்து ஊருக்குக் கிளம்பும்போது மகன்கிட்ட என்ன சொன்னீங்க? உங்க மொழியிலேயே சொல்லச் சொல்றாங்க” என்றார் அவர்.

“போயிட்டு வரேன்னு சொன்னேன்.”

அவர் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததும் மரங்கொத்தி மேசையைத் தட்டினார். “பாருங்க! திரும்பி வர்ற எண்ணம் அன்னைக்கே இருந்திருக்கு!” அம்மையார் எழுதிக்கொண்டார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

“ஒரு சின்னத் திருத்தம். தங்கச்சி வீட்டைவிட்டு வரும்போதும் அதேதான் சொன்னேன்.”

அம்மையாரின் பேனா அந்தரத்தில் நின்றது. “அப்போ நீங்க திரும்பிப் போற வீடு எதுன்னு கேக்கறாங்கம்மா.”

“நம்ம ஆளுங்க யாரும் ‘போறேன்’னு சொல்றதில்லைன்னு சொல்லுங்க. மருந்துக்கடைக்குப் போனாலும் ‘வரேன்’தான்.”

“ஆமா, நானும் காலையில வீட்டுல அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன்” என்று மொழிபெயர்ப்பாளரும் தன் பங்குக்குச் சாட்சி சொன்னார். அம்மையாருக்கு ஆர்வம் வந்துவிட்டது. பதிலுக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டார். ‘போயிட்டு வா’ என்பார்கள் என்றேன். உங்கள் மகன் சொன்னாரா? பக்கத்து நாற்காலியில் இருந்த மகன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். “சொன்னேன். ‘போயிட்டு வாம்மா, மூணு மாசத்துல வந்துடணும்’னு சொன்னேன்.” அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்கு அது புதிது.

“தங்கச்சி என்ன சொன்னாங்கன்னு கேக்கறாங்க.”

மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தேன்.

“‘போ’ன்னா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். கதவையும் சாத்திட்டா.”

ஒரே எழுத்து. அதைப் பெயர்க்க அந்த மனிதருக்கு அத்தனை நேரம் ஏன் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. என் உரிமை நீடிக்கிறது. காரணங்களில் நான்காவது: ‘விண்ணப்பதாரரை மறுபடி அங்கே அழைப்பவர் எவரும் இல்லை என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டது.’ வக்கீலால் முடியாததை, பல்லும் கோட்டும் செய்யாததை, உன் ஒற்றை எழுத்து செய்து கொடுத்துவிட்டது. நன்றி.

ஆகவே இனி நான் இங்கேதான். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னலிலிருந்து கோட்டை எடுத்துவிட்டு நானே நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நீ பதில் எழுத வேண்டாம். நானும் இனி எழுதுவதாக இல்லை. உன் இடுப்பெலும்புக்கு என் மனமார்ந்த ஆசிகள். நாக்குக்கு மட்டும் யோசித்துத்தான் தர வேண்டும்.

இப்படிக்கு,
நிரந்தரமான உன்
அக்கா

பி.கு.: நீ கட்டிக் கொடுத்த மாத்திரைப் பெட்டியில் காலை, மதியம் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, ‘இரவு’ என்பதை ‘இறவு’ என்று எழுதியிருக்கிறாய். தினமும் அந்த வல்லின றகரத்தைப் பார்த்துவிட்டு மாத்திரையை விழுங்க எனக்குத் தனித் துணிச்சல் வேண்டியிருக்கிறது. திருத்துவதற்குச் சிவப்புப் பேனாவை இரண்டு முறை எடுத்தேன். திருத்தவில்லை. இன்னொன்று. நீ ‘போ’ சொல்வதற்கு முன், “எனக்கும் சொந்தமா ஒரு வீடு இருக்கு” என்று நான் உன்னிடம் சொன்னதை அந்த அம்மையார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் துணிகள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன, அலமாரிக்கு மாற்றவில்லை. ‘வா’ என்பதும் ஓரெழுத்துதான், குட்டி. அதில் எழுத்துப்பிழை விட உன்னாலும் முடியாது.