கெல்டன் ஆட்டத்துக்கு நாங்கள் வருவதாக இல்லை

ஹார்மன், அயோவா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கை லோர்னாவுக்கு அண்ணன் ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி நடீனும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை கிளேட்டனின் நலமும் அறிய ஆவல். உங்கள் ஊர்க் கெல்டன் கல்லூரி ஃபுட்பால் அணியின் நலத்தை மட்டும் என்னால் விசாரிக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை எங்கள் ஹார்மன் கல்லூரி வேறோர் அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றதைக் கேள்விப்பட்டிருப்பாய். கடைசி நொடியில் எங்கள் பையன் டேன் உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பி விழுந்தது. ஊரே அழுதது, நான் யோசித்தேன். வருஷம் முழுக்கத் தவறாத கால் அன்றைக்கு மட்டும் எப்படித் தவறும்? விசாரித்தால், அவன் காதலிக்கிற பெண் கெல்டன்காரி. நேற்று பயிற்சியைப் பார்க்கப் போனேன். எதிர் மேட்டில் ஒருவர் பைனாகுலரும் கையுமாக நிற்கிறார், அதுவும் உங்கள் அணியின் பச்சை நிற ஜாக்கெட்டில். மூச்சிரைக்க ஏறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "பருந்து பாக்குறேங்க, விடுங்க" என்றார். "நவம்பர்ல ஏதுய்யா பருந்து?" என்றேன். காட்டினார். இருந்தது. அதற்குள் பயிற்சியாளரே பயிற்சியை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்.

"ஆர்வில் சார், இவரு நம்ம காலேஜ் வாத்தியாரு. நீங்க வீட்டுக்குப் போங்க."

"போறேன். அந்த டேன் பையனை மட்டும் கொஞ்சம் கவனிங்க."

"கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன். தோத்ததுலேர்ந்து அவன் சரியாச் சாப்பிடல. அவன் காதுல விழற மாதிரி எதுவும் பேசிடாதீங்க, புண்ணியமாப் போகும்."

பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் வரும் சனிக்கிழமை உங்கள் அணியோடு ஆட்டம். பந்தை எறிகிற எங்கள் குவாட்டர்பேக் பையனுக்குக் கணுக்கால் வீக்கம். உங்கள் முன்வரிசைப் பையன்கள் ஒவ்வொருவனும் ஃபிரிட்ஜ் அகலம். மழை வேறு வருமாம். மழையில் பந்தை எறிய முடியாது, தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும், ஓட எங்களிடம் ஆள் இருக்கிறது. டேன் ஒழுங்காக உதைத்தால் ஜெயித்துவிடுவோம்.

இந்த நேரம் பார்த்து உங்கள் அழைப்பு. உன் கல்யாணத்திலிருந்து இன்றுவரை இந்த ஆட்டத்தன்று என் முகத்தில் விழிக்காத மாப்பிள்ளை, "மச்சான், பக்கத்துல சீட்டு போட்டு வச்சிருக்கேன், ஒண்ணா உக்காந்து பாப்போம்" என்று போனில் தேனாக ஒழுகுகிறார். தோற்ற முகத்தோடு என்னை உங்கள் கூட்டத்தின் நடுவில் உட்காரவைத்து வேடிக்கை காட்டத்தானே திட்டம்?

"அன்பாத்தானே கூப்பிடுறாரு" என்கிறாள் நடீன்.

"அன்பா? கிளேட்டனா?" என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆக, நாங்கள் வருவதாக இல்லை.

ஆண்டவர் உங்கள் இருவருக்கும் தேக சுகத்தையும், சனிக்கிழமை நீங்கலாக மற்ற நாளெல்லாம் வெற்றியையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஆர்வில்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான் நடீன் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளைக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷனாமே. நான் இரக்கப்பட்டு வரக்கூடாது என்று அவர்தான் மறைக்கச் சொன்னாராம். மேலே உள்ள எதையும் அவருக்குப் படித்துக் காட்டாதே. வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிடுகிறோம். அவர் பக்கத்தில்தான் உட்காருவேன். கெல்டன் புள்ளி எடுத்தால் அவர் எழுந்து குதிக்கக் கூடாது, அவருக்குப் பதிலாக நான் எழுந்து நிற்கிறேன். கைதட்ட மட்டும் சொல்லாதே.