அறுபதாவது தேனிலவு

“திஸ் இஸ் மை சிக்ஸ்டியத் மேரேஜ், மேடம்!” என்று கோவிந்தராஜன் போனில் பெருமையாகச் சொன்னார்.

லைன் போய்விட்டதோ என்று போனை உதறி மறுபடி காதில் வைத்தார்.

“சிக்ஸ்டீன்த்தா, சிக்ஸ்டியத்தா சார்?” மும்பை ஓட்டலில் ரூம் பதிவு செய்யும் ப்ரீதி மென்மையாகக் கேட்டாள்.

“சிக்ஸ்டி! ஸாட்!” இந்தியிலும் ஒரு முறை சொல்லி வைத்தார்.

அறுபதாம் கல்யாணத்தை இங்கிலீஷில் வேறு எப்படிச் சொல்வதாம்? மும்பையிலிருந்து சில மணி ரயில் தூரத்தில் இருக்கும் கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதி ரிட்டயர் ஆனவர் அவர். அவருடைய இங்கிலீஷில் யாரும் ஒரு குற்றம் கண்டுபிடித்ததில்லை. ரிப்போர்ட்டை யாராவது படித்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம்.

ப்ரீதி பத்திரமாக இந்திக்கு மாறினாள். “எல்லாம் வேற வேற மேடமா சார்?”

“சேச்சே! ஒரே மேடம்தான். என் சம்சாரம்.”

“அப்ப நடுவுல இருந்த கல்யாணமெல்லாம்...?”

“நடுவுல ஒண்ணுமே இல்லம்மா. மொதல்ல ஒண்ணு. அப்புறம் நேரா அறுபதுதான்.”

மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாக ப்ரீதி போனை வைத்துவிட்டாள். பாவம், மேனேஜரிடம் அவள் என்னவென்று கேட்பாள்?

விஷயம் இதுதான். கோவிந்தராஜன் கல்யாணமான புதிதில், வேலூரிலிருந்து கனகவல்லியை அழைத்து வரும்போது ஒரு வாக்குக் கொடுத்தார். பம்பாயில் இறங்கி, துறைமுகத்தைப் பார்த்த ஓட்டலில் இரண்டு நாள் தங்கலாம், படுக்கையில் இருந்தபடியே கப்பல் பார்க்கலாம் என்று. ரயிலில் யாரோ வாடகையைச் சொன்னார்கள். புது மாப்பிள்ளை நேரே கட்கிக்கு வந்து, ஹோல்கர் பாலத்தின் மேல் மனைவியை நிறுத்தி, கீழே ஓடிய முளா ஆற்றைக் காட்டினார். “தண்ணி தண்ணிதானே கனகு?” பாலாற்றங்கரையில் பிறந்தவளுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுவதே அதிசயம் என்பதால் அன்றைக்குச் சண்டை வரவில்லை.

ஆனால் அந்த வாக்கு அவரை விடவில்லை. போன மாதம் அறுபதாம் கல்யாணத்தில் மறுபடி தாலி கட்டும்போது, “இந்தத் தடவை கண்டிப்பா கப்பல்” என்று அவள் காதில் சொன்னார்.

“முடிச்சை ஒழுங்காப் போடுங்க” என்றாள் கனகவல்லி.

ரூம் போட்டார். இருப்பதிலேயே மலிவான ரூம். அதன் ஜன்னலைத் திறந்தால் ஓட்டலின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் கூடம் தெரியும் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கட்டினால் துறைமுகம் பார்த்த ரூம் கிடைக்கும். கட்டுபவரா அவர்? கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகன் ஷ்யாமுக்குப் போன் போட்டார்.

“அரே அப்பா, டென்ஷன் மத் லோ, கவலைய விடுங்க. ஹனிமூன்னு சொல்லுங்க. சும்மாவே பெரிய ரூம் தருவாங்க.”

“பொய் சொல்லலாமாடா?”

“பொய் எங்க? போன மாசம்தானே ஷாதி ஆச்சு?”

மகனுக்குத் தமிழ்தான் தடுமாறும். மூளை நன்றாக ஓடும். அப்படியே அப்பாவின் மூளை. அதனால் வந்த வினைதான் அந்த சிக்ஸ்டியத் மேரேஜ்.

மறுநாள் ப்ரீதி கூப்பிட்டாள். “கல்யாண போட்டோ ஒண்ணு அனுப்புங்க சார்.”

கோவிந்தராஜன் இருந்ததிலேயே விசேஷமான படத்தை அனுப்பினார். மாலையும் கழுத்துமாகத் தம்பதி மணையில் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, ஷ்யாம் குடத்தோடு தண்ணீரைக் கொட்டும் படம். குளிரில் கனகவல்லியின் வாய் அலறுவது போலத் திறந்திருந்தது.

“சார், யார் அந்தப் பையன்?”

“எங்க மகன்.”

“ஓ.” ப்ரீதியின் குரல் தழைந்தது. “ரொம்ப எதிர்ப்போ சார்?”

“எதுக்கு?”

“கல்யாணத்துக்கு. கல்யாணத்தன்னைக்கே வந்து தண்ணிய ஊத்தி அவமானப்படுத்தியிருக்காரே.”

கோவிந்தராஜன் விளக்கினார். புண்ணிய நதித் தீர்த்தம், கலசம், ஆயுள் விருத்தி எல்லாவற்றையும் தன் இந்தியில் விளக்கினார். விளக்கி முடித்தபோது, பெற்றோரை மகன் ஆற்றில் தள்ளப் பார்த்தான் என்று ப்ரீதி புரிந்துகொண்டிருந்தாள்.

“கவலைப்படாதீங்க சார். உங்க ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு எங்க பொறுப்பு. ஆனா வீட்டை எதிர்த்து வர்றவங்களுக்கு ஹனிமூன் ரூம் குடுக்கணும்னா கல்யாண சர்ட்டிபிகேட் வேணும். போன மாசத் தேதி போட்டது.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஆனாலும் குரங்கைப் பாதியில் விட மனம் வராமல், கோவிந்தராஜன் திருமணப் பதிவு ஆபீஸுக்கு பஸ் ஏறினார்.

அங்கிருந்த குமாஸ்தா வெற்றிலைச் சிவப்பில் சிரித்து, மராத்தியில் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டார். “பழைய கல்யாணம்னா பழைய தேதி போட்டுத் தர்றேன், காகா.”

“பழசு வேண்டாம். புதுசுதான் வேணும்.”

“சரி. பொண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?”

“ஆயிருக்கு.”

“புருஷன் உயிரோட இருக்காரா?”

“இருக்காரே. நல்லாத்தான் இருக்கார்.”

“அப்ப மொதல்ல அந்தாள்கிட்ட டைவர்ஸ் வாங்கணும் காகா.”

“அந்தாளே நான்தான்யா!”

“பின்ன என்ன? வேலை சுலபம். நீங்களே குடுத்துடலாம்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்ததில், குமாஸ்தா சொன்னதில் நியாயம் இருப்பதாகவே கோவிந்தராஜனுக்குத் தோன்றியது. கனகவல்லி கேம்ப் பகுதியில் தன் வங்கி வேலை முடிந்து வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை அக்காவோடு கோயிலுக்கு என்று போய் வருவதோடு சரி, வேறெங்கும் போகாதவள்.

“கனகு, ஒரு சின்னக் கையெழுத்துப் போடணும்.”

“எதுக்கு?”

“டைவர்ஸுக்கு.”

கனகவல்லி ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். “எத்தனை நாளைக்கு?”

“ரூம் கெடைக்கிற வரைக்கும்தான்.”

“ஜீவனாம்சம் உண்டா?”

கோவிந்தராஜனுக்கு முகம் வெளுத்தது. டைவர்ஸில் அப்படி ஒரு செலவு இருப்பதை அவர் யோசிக்கவே இல்லை.

“பேசாம கெடச்ச ரூம்ல இருந்துட்டு வருவோங்க. கடல் பக்கம் ரூம்னா காலைல வெயில் மூஞ்சில அடிக்கும். ராத்திரியே திரையை இழுத்துவிட்டுப் படுக்கணும்.”

“கேள்வி ஞானத்துல பேசாதே! ஒரு தடவை வந்து பாத்தாத்தான் அதோட அருமை தெரியும்.”

சத்தம் போட்டவர் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிப் போயிற்று.

“உனக்கு ஆத்தைக் காட்டி ஏமாத்திட்டேன் கனகு. வந்த அன்னைக்கே ஏமாத்திட்டேன். ஒரு தடவையாவது கப்பல் காட்டணும்னுதான் நாய் மாதிரி அலையறேன்.”

இதை அவர் மனதாரச் சொன்னார். கஞ்சனுக்கும் மனசு உண்டு. செலவாகிவிடும் என்று வெளியே எடுக்க மாட்டான், அவ்வளவுதான். கனகவல்லிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்வதற்கில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவருடைய போனை எடுத்துப் போய், உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். சீக்கிரமே வெளியே வந்தாள்.

“துறைமுகம் பார்த்த ரூமே குடுத்துட்டாங்க. மேல எதுவும் கட்ட வேணாமாம்.”

“என்ன சொன்னே நீ?”

“உள்ளதச் சொன்னேன்.”

“நான் போட்ட அஸ்திவாரம் அப்படி!” என்று கோவிந்தராஜன் தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

சனிக்கிழமை மும்பை ரயிலில், லோனாவ்லா தாண்டும் வரை அவர் வாய் ஓயவில்லை. “கப்பலைப் பாத்துப் பயந்துடாதே, பெரிசா இருக்கும்.”

“சரிங்க.”

“பட்டனைத் தட்டினா திரை தானா விலகுமாம். நான் தட்டிக் காட்டறேன், நீ எதையும் தொடாதே.”

“அப்படியாங்க?” என்று கனகவல்லி ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஓட்டல் வாசலில் டாக்ஸி நின்றது. எதிரே கடல், அதில் நிஜமாகவே கப்பல்கள். கோவிந்தராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வழியாக வாக்கைக் காப்பாற்றியாயிற்று. “பாத்தியா கனகு!” என்று கையை நீட்டினார்.

தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக வாசலில் நின்ற காவலாளி, தமிழைக் கேட்டதும் திரும்பிப் பார்த்து, முகமெல்லாம் மலர ஓடி வந்தான். தனக்குத்தான் சல்யூட் என்று கோவிந்தராஜன் நெஞ்சை நிமிர்த்தினார். அவன் அவரைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“வாங்கம்மா, வாங்க! ஒங்க வழக்கமான ரூம்பையே ஒதுக்கி வச்சிருக்கு. ஆமா, வருசா வருசம் ஒங்க அக்காவோடதான வருவீய... இது யாரும்மா, புதுசா?”