அண்ணாவின் கப்பலைக் காலையிலேயே வரவழைத்தேன்

புதிதாக ஒரு வித்தை கற்றவள் வீட்டில் இருந்தால் முதலில் அவதிப்படுவது வீட்டிலிருப்பவர்கள்தான். அறுபதுகளில், எங்கள் பம்பாய் மாதுங்கா வீட்டில் அந்த வித்தைக்காரி நான்.

ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பல்களிலிருந்து வரும் தந்திகளில் நேரம் கிரீன்விச் கணக்கில், அதாவது லண்டன் நேரத்தில் இருக்கும். அதை நம் ஊர் நேரமாக மாற்றி, தேதியோடு அழகாக அச்சடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். (அட்டையில் ஓட்டை போடுவதுதான் அன்றைக்கு எழுத்து!) முதல் போணி, லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த என் அண்ணாவின் கப்பல். ‘ஞாயிறு காலை ஆறரை’ என்று அடித்துக் கொடுத்தது கம்ப்யூட்டர்.

“மிஷினே சொல்லிடுத்துப்பா!” என்று காகிதத்தை நீட்டினேன். அப்பா உடனே செம்பூருக்குச் சொல்லி அனுப்பினார். அண்ணாவுக்குப் பார்த்திருந்த ஜெயாவின் வீடு அங்கேதான். இருவரும் போட்டோ பார்த்ததோடு சரி. நேரில் பார்த்துப் பிடித்தால்தான் கல்யாணம்.

ஞாயிறு விடிந்ததும் இரண்டு குடும்பமும் மாலையோடு துறைமுகத்தில் ஆஜர். கப்பலைத் தவிர எல்லாம் வந்திருந்தது. எட்டு மணிக்கு ஜெயாவின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு என்னைப் பார்த்தார்.

ஜெயா மெல்ல என் பக்கத்தில் வந்தாள். “லண்டனைவிட நமக்கு முன்னாடியே விடிஞ்சுடுமே. அஞ்சரை மணியைக் கூட்டினியா, கழிச்சியா?”

தந்தியில் இருந்தது பகல் பன்னிரண்டு. கூட்டினால் மாலை ஐந்தரை. மகாராணி நான் கழித்திருந்தேன்!

“என்னம்மா சொல்றது உன் மிஷின்?” என்று உறுமினார் அவள் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயா முந்திக்கொண்டாள். “கப்பல் சாயங்காலம்தான்ப்பா. இட்லி நிறைய இருக்கு, எல்லாரும் உட்காருங்கோ.”

அந்த நிதானத்துக்கு நான் அன்றே அடிமை. மத்தியானத்துக்குள் இரண்டு அப்பாக்களும் சீட்டாடினார்கள். அம்மாக்கள் சத்திரம் வரைக்கும் பேசி முடித்தார்கள். சாயங்காலம் அண்ணா இறங்கியபோது மாலை வாடியிருந்தது, ஜெயா வாடவில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவனைத்தான் யாரும் கேட்கவில்லை. (கேட்க அவசியமும் இல்லை, ஜெயாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.)

என்னை அவள் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வாரம் தாங்காமல் நானே உளறினேன்.

இன்றும் நான் எந்த நேரம் சொன்னாலும் அண்ணாவின் பேரன்கள் விடுவதில்லை: “அத்தைப்பாட்டி, இது கூட்டினதா, கழிச்சதா?”

என் மன்னியாகிவிட்ட ஜெயா அதட்டுவாள். “சும்மா இருங்கோடா! அன்னிக்கு அவ சரியாக் கூட்டியிருந்தா, உங்க தாத்தாவுக்கு யோசிக்க நேரம் கிடைச்சிருக்கும்!”