முரசிருக்கப் பயமேன்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த ஒரே பெரிய காரியம் 'முரசிருக்கப் பயமேன்' திட்டம்தான். அது நடந்தது மழைக்கு முன்பா பின்பா என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நடந்ததா என்பதேகூடச் சந்தேகம்தான். ஆனால் ஆண்டறிக்கையில் இருக்கிறது. ஆகவே நடந்திருக்க வேண்டும்.

தொலைபேசி எட்டாத மலையூருக்கு முரசறைந்து செய்தி சொல்வதுதான் திட்டம். கோப்பு மேசை மேசையாக நகர்ந்து கையெழுத்தாவதற்குள் அங்கே செல்போன் கோபுரமே முளைத்துவிட்டது. அதற்காக நல்ல திட்டத்தைக் கைவிட முடியுமா? முரசுக்காரர் நியமிக்கப்பட்டார். அவர் வாயெடுக்கும் முன்பே, "வாட்ஸ்அப்புல வந்துருச்சு மாமா, தொண்டையைக் கெடுத்துக்காதீங்க" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். அவர் கோபித்துக்கொள்வதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டதே அவர்தான்.

பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்று துணை அதிகாரிக்கு ஞானோதயம் உண்டானது. போன் வேலை செய்தால் முரசு எதற்கென்று கேள்வி வருமே. 'பாரம்பரியத்தின் நலன் கருதி' கோபுரத்தை அணைக்கச் சொன்னார்.

முரசுக்காரர் அவரிடம் ஓடினார். மகள் கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். அவளுக்கு அபூர்வ ரத்தம், அப்பனுடையதுதான் சேரும். கூப்பிட்டதும் வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவு கேட்டதற்கு, முரசுக்கு மாற்று ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

"ஐயா, இன்னிக்கு மட்டும் போன் இருக்கட்டும். எந்நேரத்துலயும் கூப்பிடுவாங்க."

"கையில முரசை வச்சுக்கிட்டு போனுக்கு அலையலாமாய்யா?"

"ஆஸ்பத்திரியில முரசு இல்லீங்களே."

துணை அதிகாரி ஆழ்ந்து யோசித்தார். அடுத்த கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கும் ஒன்று பரிந்துரைப்பதாக உறுதியளித்தார்.

வரவேற்பு விழா சிறப்பாக நடந்தது. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம்ம ஊருக்கு எந்தச் செய்தியும் தாமதமில்லாம வந்து சேருது" என்று துணை அதிகாரி எழுதிக்கொடுத்ததை முரசுக்காரர் முழங்கினார். ஊரே தெருவில் நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தது. அதை 'கைதூக்கி வரவேற்பு' என்று துணை அதிகாரி விளக்கினார். பெரிய அதிகாரி நெகிழ்ந்து இரண்டு கைகளையும் அசைத்தார்.

நன்றியுரையின்போது மருமகன் பைக்கில் மலையேறி வந்து சேர்ந்தான். காலையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் தேய்ந்துபோனதாகச் சொன்னான். முரசுக்காரர் செருப்பைத் தேடினார்.

"இனிமே அவசரம் இல்ல மாமா" என்றான்.

பெரிய அதிகாரிக்கு விருது கிடைத்தது. துணை அதிகாரிக்குப் பதவி உயர்வு. பேரன் நலமாக இருக்கிறான். கோபுரத்தை மறுநாள்தான் மறுபடி இயக்கினார்கள். அதனால் மகள் போன சேதியை முரசுக்காரர் தெருத்தெருவாக அறைந்தே சொன்னார். ஊருக்குத் தெரியாத செய்தி ஒன்றை அந்த முரசு சொன்னது அந்த ஒரு தடவைதான். அரசு முரசைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது ஏன் என்று அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.