சரியான சாவியை மறுத்த குட்டிக் கணினி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். முட்டைகளும் நலம். சம்பந்தியம்மா இதற்கு மேல் படிக்காவிட்டாலும் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் முட்டைகளை முதல் வரியிலேயே சேர்த்துவிட்டேன். நாய் கவ்விக்கொண்டு போன அந்தக் கோழி கடைசியாக இட்டவை என்று அவர்கள் கண்கலங்கிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. நடுவில் நடந்ததை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

தங்கள் மருமகள், அதாவது என் மகள், முட்டைகளை அடைகாக்கும் பொரிப்புப் பெட்டியின் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிக் கணினியை ஒட்டிவைத்துவிட்டு வேலைக்குத் திரும்பியது தாங்கள் அறிந்ததே. அதற்குத் திரை கிடையாது, பொத்தான் கிடையாது. சூடு, ஈரப்பதம், முட்டையைப் புரட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் அங்கிருந்தோ நான் என் லேப்டாப்பிலிருந்தோ அதற்குள் நுழைய வேண்டும். அதற்கு ஒரு சாவி உண்டு. சாவி என்றால் இரும்பு அல்ல, முழநீள எழுத்துக்கூட்டம். அதன் ஜோடி குட்டிக் கணினியிடம் இருக்கும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சூடு ஏறி இறங்கிய விவரத்தைத் தங்களுக்கு அனுப்பலாமே என்று அதற்குள்ளேயே ஓரிடத்தில் சேமிக்கப் பார்த்தேன். ‘அனுமதி இல்லை’ என்றது. என் வீட்டில், என் கரண்டில் ஓடிக்கொண்டு, எனக்கே அனுமதி இல்லையாம்! எதிர்க்கடை செல்போன் ரிப்பேர்க்காரரிடம் புலம்பினேன். “இதுக்குப் போயா சார் கவலைப்படறீங்க? இந்த ஒரு வரியைப் போடுங்க. எல்லாருக்கும் எல்லாம் திறந்துடும்” என்றார். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. நம் வீட்டு வாசல் பகலில் சாத்தியதே இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டார் பால் பாத்திரம்கூட நம் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. வரியைப் போட்டேன், திறந்தது, சேமித்தேன், லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

விடிந்ததும் மகளின் போன். “அப்பா, குஞ்சு வர நாள் நெருங்கிடுச்சு, இன்னைக்குப் புரட்டுறதை நிறுத்தணும். என்னை உள்ளேயே விட மாட்டேங்குது!” நான் முயன்றேன், என்னையும் விடவில்லை. முட்டை ஓட்டைக் கொத்த வாகாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும் குஞ்சுகளைப் பெட்டி உருட்டிக்கொண்டே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் சூடும் போய்விடும். மூடியைத் திறந்தால் ஈரம் போய்க் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். “சம்பந்தியம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?” என்று என் வீட்டுக்காரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மேசை இழுப்பறையில் மகள் விட்டுப்போயிருந்த மூன்று கம்பிகளை எடுத்து, அவள் போனில் சொல்லச் சொல்ல ஒரு முனையை லேப்டாப்பிலும் மறுமுனையைக் குட்டிக் கணினியின் ஊசிமுட்களிலும் மாட்டினேன். அது பின்வாசலாம். ஒரு கம்பி பேசும், ஒரு கம்பி கேட்கும், மூன்றாவது சும்மா துணைக்கு. நான் பேசுவதைப் பேசுவதோடு சேர்த்துவிட்டேன். “ரெண்டு பேரும் பேசினா யாருப்பா கேக்கறது? மாத்திப் போடுங்க” என்றாள். அந்த நிலைமையிலும் என் வீட்டுக்காரி சிரித்தாள், இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கை அப்படி. உள்ளே போனதும் நானே நிறுத்திவிடுகிறேன் என்றேன். “ஐயோ வேண்டாம்! ஒரு எழுத்து மாறினாலும் சூடே நின்னுடும். வாசலை மட்டும் சரி பண்ணுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்று அலறினாள். புதுச் சாவியின் ஜோடியை அனுப்பினாள். நான் ஓய்வுபெற்ற தட்டச்சர் அல்லவா, ஓரம் விட்டு, வரி வரியாக மடித்து, கண்ணுக்கு லட்சணமாக வைத்தேன். “அது ஒரே வரியா இருக்கணும்ப்பா!” திரும்ப நீட்டி வைத்தேன். அப்போதும் அவளை உள்ளே விடவில்லை.

கடைசியில், ஏன் மறுக்கிறாய் என்று அதனிடமே கேட்கச் சொன்னாள். பதில் எழுதிக் காட்டியது. நான் வாசித்தேன். அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு சொன்னாள்: “அப்பா, சாவி முதல்லேர்ந்தே சரிதான். வீடுதான் திறந்து கிடக்கு. யார் வேணும்னாலும் உள்ளே வந்து சாவியை மாத்தி வச்சிருக்கலாமாம். அதனால எந்தச் சாவியையும் நம்ப மாட்டேங்குது. எதையாவது தொட்டீங்களா?”

சம்பந்தி, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தன்னை உண்டாக்கியவளே சரியான சாவியோடு வந்து நிற்கிறாள். அவளையும் வாசலில் நிறுத்திவைக்கிறது, அவளுடைய வீட்டைக் காப்பாற்றத்தான்! தீப்பெட்டிக்குள் இத்தனை கண்ணியமா? வரியைப் போட்டதை ஒப்புக்கொண்டு, மகள் சொன்னபடி, உரிமையாளரைத் தவிர யாரும் கைவைக்க முடியாதபடி ஒவ்வொன்றாகச் சாத்தினேன். அவள் அங்கிருந்து நுழைந்தாள். கிர்ர் என்று ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. எத்தனையோ ஊர் தாண்டி அவள் விரல் அசைகிறது, இங்கே முட்டைகள் அசையாமல் நிற்கின்றன. யாரோ பெரியவர் வந்துவிட்டதுபோல நாங்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம்.

ஆகவே தாங்கள் பதறிக் கிளம்பி வர வேண்டியதில்லை. இனி அந்த வரியைத் தொடுவதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள்.

இப்படிக்கு,
திருந்திய சம்பந்தி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் குஞ்சுகள் முந்திக்கொண்டன. எல்லா முட்டையோட்டிலும் விரிசல் விழுந்துவிட்டது. ஒன்றுக்கு அதன் தாயைப் போலவே கழுத்தில் செம்புள்ளி. மகள் பெட்டிக்குள் வைத்த கேமரா வழியாக என் லேப்டாப்பில் அதைப் பார்க்கத் தெருவே வந்துவிட்டது. “எங்க போன்லயும் தெரியாதா?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குட்டிக் கணினி ‘அனுமதி இல்லை’ என்றது. அந்த வரியைப் போட்டுவிட்டேன். இப்போது மறுபடியும் யாரையும் உள்ளே விட மாட்டேன் என்கிறது. மகளிடம் மூச்சு விடாமல், வாசலைச் சாத்தித் தர மாப்பிள்ளையை உடனே அனுப்பிவைக்கவும். தாயில்லாத குஞ்சு முதன்முதலாகத் தலையை நீட்டும்போது, பார்க்க வந்தவர்களை வாசலில் நிறுத்த என்னால் முடியவில்லை, சம்பந்தி.