நாற்பத்தோராவது நிமிஷத்தில் நிற்கிற பெட்டி

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

உங்கள் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று யோசிக்க வேண்டாம். போனில் பேசினால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீங்களும் "அண்ணி, அண்ணி" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பேப்பரில் அழுதால் யாருக்கும் கேட்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் தங்கச்சியைத் திருத்திப் படிக்கச் சொல்லவும்.

உங்கள் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நீங்கள் வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தீர்களே, டிவியில் வருகிறதைப் பிடித்து வைக்கிற ரெக்கார்டிங் பெட்டி, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "அண்ணே, இனிமே நீங்க தூங்கினாலும் இது முழிச்சிருந்து பிடிச்சு வைக்கும்" என்று சொன்னீர்கள். நன்றாகத்தான் முழித்திருந்தது. அவர் போய் ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறது, நானும் முழித்துக்கொண்டு இருக்கிறேன்.

அவருக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாட்டு வேண்டாம், படம் வேண்டாம், எங்கேயாவது ஒரு பெரிய மெஷின் ஒரு பெரிய சாமானைத் தூக்க வேண்டும். பாலம் கட்டுவது, கப்பலை அறுப்பது, கிரேன் சாய்வது, எல்லாவற்றையும் வாராவாரம் தானாகப் பிடிக்கும்படி பெட்டியில் கட்டளை போட்டு வைத்திருக்கிறார். பார்த்து முடித்ததையாவது அழிப்பாரா என்றால் மாட்டார். துருப்பிடித்த ஒரு ஸ்குரூவைக்கூட வீசாத மனுஷன், கிரேனையா வீசுவார். இப்போது என்ன நடக்கிறது என்றால், நான் சாயங்காலம் வேலையெல்லாம் முடித்து கால் நீட்டி உட்கார்ந்து என் சீரியலைப் போட்டால், சரியாக ஏழு மணிக்கு, மாமியார் விஷத்தைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து, டிவி தானாகவே மாறி ஒரு கப்பல் வந்து நிற்கிறது. அதையாவது ஒழுங்காகப் பிடிக்கிறதா, அதுவும் இல்லை, நடுவில் ஒரு நீலக் கட்டம் வந்து "இடம் இல்லை, எதையாவது அழிக்கவும்" என்று சொல்கிறது. முதல் தடவை இது நடந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர்தான் வந்து மாற்றுகிறார் என்று நினைத்துவிட்டேன். பயமெல்லாம் இல்லை தம்பி, கோபம்தான் வந்தது. போட்டோவுக்கு எதிரில் போய் நின்று, "போன பிறகாவது ஒரு அரை மணி நேரம் என்னை நிம்மதியா சீரியல் பாக்க விட மாட்டீங்களா"ன்னு கேட்டுட்டேன். அப்புறம் அப்படிக் கேட்டுட்டோமேன்னு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல.

உங்க அண்ணன் மகன்கிட்ட போன்ல சொன்னேன். அவன் அவ்வளவு தூரத்துல ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, "அம்மா, செட்டிங்ஸ் போ, கீழ போ, இன்னும் கீழ, ஓகே அடி"ன்னான். நானும் கீழ கீழன்னு போய் எங்கேயோ பாதாளத்துல ஓகே அடிச்சுட்டேன். அன்னைக்கிலேர்ந்து டிவிக்குள்ள ஒரு ஆம்பளை குரல் வந்து உக்காந்துக்கிட்டு, நடக்கிறதையெல்லாம் சொல்லுது. "அவள் கதவைத் திறக்கிறாள். அவள் கண்ணைத் துடைக்கிறாள். அவள் நாற்காலியில் அமர்கிறாள்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா நானும் அப்பதான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்தேன். கண்ணு தெரியாதவங்களுக்காக அப்படி ஒரு வசதி இருக்காம், மகன் அப்புறம் சொன்னான், எடுத்துவிடறேன்னு சொன்னான், நான்தான் வேணாம்னுட்டேன். வீட்டுல ஒரு பேச்சுக்குரல் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். உங்க அண்ணன் இருந்தப்பகூட நான் உக்காந்தேனா நின்னேனான்னு யாரு பாத்துச் சொன்னா.

சரி, கம்பெனிக்கே போன் பண்ணுவோம்னு கஸ்டமர் கேருக்குப் பண்ணினேன். அரை மணி நேரம் பாட்டு போட்டாங்க, அப்புறம் ஒரு பொண்ணு வந்துச்சு. நல்ல பொண்ணு, தேனாட்டம் பேசுச்சு.

"கணக்கு யார் பேர்ல இருக்கும்மா?"

"என் வீட்டுக்காரர் பேர்ல."

"அவர்கிட்ட போனைக் கொடுங்கம்மா."

"அவர் இறந்துட்டாரும்மா."

"ரொம்ப வருத்தம்மா. அவர் ஒரு தடவை லைன்ல வந்து சம்மதம்னு சொன்னா போதும், நான் மாத்திடறேன்."

நான் என்ன பண்ணுவேன். "சொல்றேம்மா, பாத்தா சொல்றேன்"னுட்டு வச்சுட்டேன்.

அதுக்கப்புறம் மேல்வீட்டுத் தையல்காரம்மா உதவி பண்றேன்னு இறங்கி வந்தா. வந்தவ ரிமோட்டை வாங்கிக்கிட்டு, நான் பால் வச்சுட்டு வர்றதுக்குள்ள மூணு கிரேனையும் ஒரு பாலத்தையும் அழிச்சுட்டா. "இடம் வந்துடுச்சு பாருங்க, இன்னும் ரெண்டைத் தூக்கினா வீடு சுத்தம்"னு சொல்லிக்கிட்டே அடுத்ததுல விரலை வச்சா. பாத்தா, சுரங்கம். எனக்கு எங்கேர்ந்துதான் அப்படி ஒரு பலம் வந்துச்சோ, அவ கையிலேர்ந்து ரிமோட்டைப் பிடுங்கினதுல அவ வளையல் ஒண்ணு உடைஞ்சுபோச்சு. "நல்லது செய்ய வந்தா கையை ஒடிக்கறீங்களே"ன்னு அவ ஒரு பக்கம் அழ, நான் ஒரு பக்கம் அழ, பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சுபோச்சு. ஒரு வாரம் பேச்சே இல்ல. அவ அழிச்சு வந்த இடத்தையும் அன்னைக்கு சாயங்காலமே பெட்டி புதுசா ஒரு கப்பலைப் பிடிச்சு நிரப்பிக்கிச்சு.

அந்தச் சுரங்கத்தைப் பத்தி உங்ககிட்ட சொல்லணும் தம்பி. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அவர் போன அன்னைக்குக் காலையில பாத்துக்கிட்டு இருந்தது அதுதான். முந்தின நாள் பெட்டி பிடிச்சு வச்சது. ஒரு மலை, அதுக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு கூட்டம் தோண்டிக்கிட்டு வருது, அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு கூட்டம் தோண்டிக்கிட்டு வருது, நடுவுல ரெண்டும் நேருக்கு நேரா முட்டணும். "ஒரு சாண் தள்ளிப் போச்சுன்னா அத்தனை வருஷ வேலையும் வீண்"னு என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னார். தள்ளித்தான் போகும்னேன். போகாதுன்னார். நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்ட்டேன். அங்க தொட்டிக் குழாய் சொட்டுச் சொட்டுன்னு நாலு நாளா ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக் குழாய், வெக்கமா இல்லையான்னு ஒரு தடவை கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை கத்தினேன். எழுந்து வந்தார். ஸ்பானரை எடுத்துக்கிட்டு தொட்டிக்கு அடியில குனிஞ்சார். குனிஞ்சவர் நிமிரல.

டாக்டர் சொல்லிட்டார், உக்காந்திருந்தாலும் நின்னிருந்தாலும் வந்திருக்கும், அந்த நெஞ்சுக்கு அவ்வளவுதான்னு. நீங்களும் அதைத்தான் சொன்னீங்க. ஆனா அவர் பாத்துக்கிட்டு இருந்ததை முடிக்க விட்டேனா நான்? இன்னும் ஒரு அரை மணி நேரம் சொட்டினா தண்ணி என்ன கடலா ஆயிடும். எல்லாரும் போனப்புறம் ஒரு நாள் பெட்டியைப் போட்டா, சுரங்கத்துக்குப் பக்கத்துல எழுதியிருக்கு, "41வது நிமிஷத்தில் நிறுத்தப்பட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரவா?"ன்னு. கீழ ஆம், இல்லை. நான் ஆம்னு அடிச்சா அவர் விட்ட இடம் போயிடும். இல்லைன்னு அடிச்சா அவரையே இல்லைன்னு சொன்ன மாதிரி இருக்கு. அஞ்சு மாசமா தினமும் அதுகிட்ட வரைக்கும் போறேன், பாக்கறேன், திரும்பி வந்துடறேன். அங்க போறதுக்கு மட்டும் எனக்கு ரிமோட் நல்லாவே தெரியும்.

இப்ப என்னாச்சுன்னா, பெட்டி உறுமுது. அடுத்த அறை வரைக்கும் கேக்குது. கம்பெனி மெக்கானிக் வந்து காதை வச்சுப் பாத்துட்டு, உள்ள இருக்கிற டிஸ்க் போகப் போகுது, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து புதுப் பெட்டி வச்சுட்டு இதை எடுத்துட்டுப் போறேன்னுட்டார். உள்ள இருக்கிறது என்ன ஆகும்னு கேட்டேன். "எல்லாம் போயிடும்மா, அதான் புதுசு தர்றோம்ல"ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். அவருக்கு என்ன தெரியும் பாவம்.

அதனால உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். வியாழக்கிழமையே வந்துடுங்க. உங்க வீட்டுப் பரண்ல இதே மாதிரி கெட்டுப்போன பெட்டி ஒண்ணு இருக்குன்னு தங்கச்சி சொல்லியிருக்கா. அதை ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. அதை இங்க மாட்டிட்டு, இதைக் கழட்டி நீங்க கொண்டுபோயிடுங்க. மெக்கானிக் வந்து அதை எடுத்துட்டுப் போகட்டும். திருட்டுத்தனம்தான், தெரியும். இருபது வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல துணி மடிச்சேன், ஒரு தலையணை உறைகூட வீட்டுக்குக் கொண்டுவந்தது இல்ல, இந்த வயசுல பெட்டி மாத்தச் சொல்றேன். கேட்டா நான் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா எல்லாரும் உடனே நம்பிடுவாங்க. கொண்டுபோய் எங்கேயாவது ஒரு மூலையில வையுங்க. கரண்ட் கொடுக்க வேணாம். பிள்ளைங்க கை படாம பாத்துக்குங்க. நாற்பத்தோராவது நிமிஷம் அப்படியே இருக்கணும், அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். பெரியவளுக்குப் பரீட்சை நல்லபடி முடியணும், சின்னவனுக்கு விழுந்த பல் சீக்கிரம் முளைக்கணும். நீங்களும் மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்ளவும், உங்கள் குடும்பத்து நெஞ்சை நான் நம்புவதாக இல்லை. எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: தம்பி, வியாழக்கிழமை வர வேணாம். பெட்டியைத் தூக்கிட்டு வர வேணாம். உறையில போடப் போனவ எடுத்து எழுதறேன்.

உங்ககிட்ட கொடுக்கிற சாமான் அழுக்கா இருக்கக் கூடாதேன்னு ரிமோட்டை ஈரத் துணியால அழுத்தித் துடைச்சேன். டிவியில அந்தச் சுரங்கத்துக் கேள்வி நிக்கிறதை மறந்துட்டேன். ஆம்னு பட்டுடுச்சு. உசுரே போயிடுச்சு எனக்கு. மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தர் சுவத்துக்கு எதிர்ல கையைத் தூக்கினார். ஏழெட்டு செகண்டு இருக்கும். படக்குனு கறுப்பு. "இடம் இல்லாததால் பதிவு நின்றுவிட்டது"ன்னு போட்டு, அவர் போனதுக்கு முந்தின நாள் தேதியும் நேரமும் போட்டிருக்கு. நாலு தடவை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நம்பாம தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன், வளையலை மறந்துட்டு ஓடி வந்தா. அவ பாத்துட்டு, "அம்மா, இதுக்கு மேல இதுல எதுவுமே இல்ல. பெட்டி நிரம்பி முந்தின நாளே நின்னுபோச்சு. பதிவாகி இருக்கிற வரைக்கும் அண்ணன் பாத்துட்டுத்தான் எழுந்திருக்கார்"னா.

உக்காந்து ஒரு மூச்சு அழுதேன். நான் எழுப்பல. அவரைச் சுரங்கத்துலேர்ந்து பாதியில எழுப்பினது நான் இல்ல, அவர் அழிக்காம சேத்து வச்ச கிரேனுங்க. மனசு அப்படியே பஞ்சாயிடுச்சு. முகத்தைக் கழுவிட்டு வந்து உக்காந்தப்புறம்தான் இன்னொண்ணு உறைச்சுது. தொட்டிக்கு அடியில குனியறதுக்கு முன்னாடி அவர் என்னைப் பாத்து, "நீ கூப்பிட்டு நான் வராம இருப்பேனா"ன்னார். அதுதான் கடைசிப் பேச்சு. அதை நான் உங்ககிட்டகூடச் சொல்லாம எனக்குன்னு வச்சிருந்தேன். முப்பத்திநாலு வருஷத்துல மூணு கூப்பாட்டுல அவர் எழுந்து வந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் பெட்டி நின்னுபோச்சுன்னு எழுந்திருக்கார், வர்ற வழியில என் பேர்ல போட்டுட்டார்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்து எடுத்துட்டுப் போகட்டும். வாய் கூசாம எப்படிப் பொய் சொல்லிட்டுப் போயிருக்கார் பாருங்க உங்க அண்ணன்.