பாதிச் சக்கரமும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

இந்தத் தேசத்தில் எது கொடி, எது கொடி இல்லை என்று சந்தேகம் வந்தவர்கள் கோர்ட்டுக்குப் போய்க் காலத்தை வீணாக்கியிருக்க வேண்டாம். சேலையூர் கேம்ப் ரோட்டில், எங்கள் காலனி கேட்டுக்கு இடப்பக்கம் நின்ற இஸ்திரி வண்டிக்கு வந்திருந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு கிடைத்திருக்கும். மேல்முறையீடு மட்டும் கிடையாது.

அந்த வண்டிக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் என் சட்டைகளை அவரிடம் கொடுத்தேன். பெயரைக் கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. காலனிக்கு அவர் 'சக்கரம்'. முகத்துக்கு நேரே சக்கரம் அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் சக்கரம்.

முதலில் மாட்டியது என் பெண்ணின் ஸ்போர்ட்ஸ் டே டி-ஷர்ட்தான். கை, முதுகு, காலர் எல்லாம் கத்தி முனை மாதிரி மடிப்பு. நெஞ்சில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம், வெயிலில் காய்ந்த வடகம் போலச் சுருங்கிக் கிடந்தது. அந்தச் சதுரத்தில் ஒரு சின்ன தேசியக் கொடி. என் மனைவி டி-ஷர்ட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனாள்.

"என்னண்ணா இது, நடுவுல விட்டுட்டீங்க?"

"அக்கா, கொடி மேல பெட்டி வெக்கச் சொல்றியா? நெருப்புக்கா அது!"

போன வேகத்தில் திரும்பி வந்தாள். "அவர் சொல்றதும் சரிதான்" என்றாள். கல்யாணமான நாள் முதல் அந்த வாக்கியத்தை நான் எனக்காகக் கேட்டதில்லை.

ஆனால் கண்ட மூன்று வண்ணத்தையும் கொடி என்று ஏற்றுக்கொள்கிற ஏமாளி இல்லை அவர். மூன்றாம் நம்பர் வீட்டு டீச்சர் ஒரு சுதந்திர தினத்தன்று காவி பார்டர், வெள்ளை உடம்பு, பச்சை பார்டர், நடுவில் நீலப் பூ என்று ஒரு புடவையைக் கொண்டுவந்தார். ஒரு பக்கக் காம்பு உடைந்து நூல் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அண்ணன் பூவின் இதழ்களை எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்தபோது டீச்சரின் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாயும் கொடுத்து முடித்திருந்தார்கள். "பதினாறு தான் கீது. இது பொடவை தான்" என்று அறிவித்துவிட்டுப் பெட்டியை வைத்தார்.

இருபத்துநாலு குச்சி இருந்தால் சக்கரம். சக்கரம் இருந்தால் கொடி. அவருடைய சட்டப்புத்தகம் அவ்வளவுதான். ஒருமுறை யாரோ கொடுத்த டி-ஷர்ட்டில் இருபத்திரண்டு குச்சிதான் தேறியது. "கொடி இல்ல" என்று பெட்டியை வைத்தார். ரப்பர் பிரிண்ட் உரிந்து பெட்டியோடு வந்துவிட்டது. சட்டைக்காரர் குதித்தார். "நெசக் கொடியா இருந்தா நான் பெட்டியே வெச்சிருக்க மாட்டேனே சார். குச்சி திருடினவனைப் போய்க் கேளு" என்று சொல்லி, பெட்டியைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நீதி பரிபாலனத்தில் மண் விழுந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. நம் நாட்டு அணி ஒன்றுக்குப் புது ஜெர்சி வந்தது. எந்த விளையாட்டு என்று சொல்ல மாட்டேன், அதற்கும் ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும். நெஞ்சில் தபால்தலை அளவுக்கு இருந்த கொடியை எடுத்துவிட்டு, மூன்று வண்ணங்களையும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையால் இழுத்தது மாதிரி தோளிலிருந்து இடுப்புவரை இழுத்திருந்தார்கள். சக்கரம் விலாப்பக்கம் பெரிதாகத் தொடங்கி, பாதியில் தையலுக்குள் போய் மறைந்துவிட்டது. டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து எட்டுப் பேர் சத்தம் போட்டார்கள்.

எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஏ பிளாக் 'அவமானம்' என்றது. பி பிளாக் 'டிசைன்' என்றது. ஏ பிளாக்குக்குத் தலைமை தாங்கியவர் காலனி செக்ரட்டரி. ரிட்டயர் ஆனவர். தினமும் காலையில் காபிக்கு முன்னால் ஒரு கண்டன அறிக்கை எழுதி, கீழே எங்கள் எல்லார் பெயரையும் போட்டுவிடுவார். பி பிளாக்குக்கு கார்த்திக் என்கிற ஐ.டி. இளைஞன். "காலத்துக்கு ஏத்த மாதிரி சின்னங்களும் மாறணும் அங்கிள்" என்று அவன் போடும் ஒவ்வொரு மெசேஜுக்கும் பி பிளாக்கிலிருந்து கட்டைவிரல்கள் வந்து குவியும்.

இதில் ஒரு சங்கடம். குடியரசு தினத்தன்று இரண்டு பிளாக்குக்கும் கிரிக்கெட் மேட்ச் நடக்கும். அந்த வருஷம் அதே ஜெர்சியின் நகல் இருபத்திரண்டை செக்ரட்டரியே ஆர்டர் செய்திருந்தார். கண்டனம் பிறகுதான் அவருக்குத் தோன்றியது. ஆர்டர் கேன்சல் ஆகவில்லை. இரண்டு டீமும் ஒரே ஜெர்சி போட்டால் யார் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும் என்றும் யாரும் கேட்கவில்லை.

மேட்சுக்கு மூன்று நாள் முன்பு பார்சல் வந்தது. பிளாஸ்டிக் கவரில் அமுக்கி அமுக்கி அனுப்பியதில் ஒவ்வொரு ஜெர்சியும் கசங்கிக் கிடந்தது. குரூப் போட்டோ எடுக்க வேண்டும் என்பதால் மூட்டை நேராக சக்கரம் அண்ணனின் வண்டிக்குப் போனது.

அவர் ஒன்றை விரித்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை எண்ணினார். நான் ஆபீஸ் சட்டைக்காகப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பன்னண்டு கீது சார்."

"அப்ப கொடி இல்லை. பெட்டியை வைங்க."

"அது எப்படி சார்? பாதி தான வெளிய கீது, மீதி தையலுக்குள்ள போயிடிச்சே. ரெண்டையும் சேத்தா இருவத்தினாலு வருது!"

சட்டப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை. அவர் முகத்தில் அப்படியொரு கலவரத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு, ஜெர்சியைக் கையில் போட்டுக்கொண்டு காலனிக்குள் நடந்தார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன்.

முதலில் செக்ரட்டரி வீடு.

"சார், ஒரே வார்த்தை. இது கொடியா, இல்லியா?"

"கொடிக்கே அவமானம்ப்பா இது!"

"அப்ப கொடி தான?"

"இல்லப்பா. இதைப் போய்க் கொடின்னு சொல்லலாமா?"

"அப்ப பெட்டி வெக்கட்டா?"

"அது எப்படி வைப்ப? சக்கரம் இருக்கில்ல!"

அடுத்தது கார்த்திக். "இது கொடி இல்லண்ணா. கொடியோட இன்ஸ்பிரேஷன். டெக்னிக்கலா தாராளமா அயர்ன் பண்ணலாம்" என்றான்.

அண்ணன் அவனை வண்டிக்குக் கூட்டி வந்தார். போர்வை விரித்த பலகையில் ஜெர்சியைப் போட்டார். சூடான பெட்டியை அவன் கையில் கொடுத்தார். "நீயே வெச்சிக் காட்டு கண்ணு. அப்பால நான் வெக்கறேன்."

கார்த்திக் பெட்டியைத் தூக்கினான். கேட்டில் வாட்ச்மேன், எதிரில் பால்காரர், மேலே பால்கனிகளில் இரண்டு பிளாக்கும். சக்கரத்துக்கு ஒரு சாண் உயரத்தில் பெட்டி நின்றது. அனல் அடித்தது. அவனுக்கு வியர்த்தது. "அண்ணா, எனக்கு ஆபீஸ் கால் இருக்கு" என்று பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டு ஓடியே போனான்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பத்திரிகைல எழுதறவரு. நீங்க சொல்லுங்க."

பத்திரிகையில் எழுதுகிறவன் என்ன சொல்வான்? "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குண்ணே" என்றேன்.

"ரெண்டு பக்கத்துலயும் இருந்துட்டுப் போவட்டும் சார். என் பெட்டிய எந்தப் பக்கம் வெக்கறது?"

எனக்கும் ஆபீஸ் கால் வந்துவிட்டது.

மூட்டை அப்படியே கிடந்ததைப் பார்த்து அன்று மாலையே செக்ரட்டரிக்குக் கோபம் வந்தது. கேட்டருகே வந்து, எல்லாரும் கேட்கச் சொன்னார். "நாளை மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இருபத்திரண்டும் தேய்ச்சு வரணும். இல்லைன்னா இந்த இடத்தை லாண்டரிக்காரங்களுக்குக் கொடுத்துடுவேன். ஆறு மாசமா கேட்டுட்டிருக்காங்க." பதினோரு வருஷ இடம் அது. அந்த இடத்தில் நின்று தேய்த்துத்தான் அண்ணன் தன் பெண்ணைத் தாம்பரத்தில் காலேஜ் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வண்டி வரவில்லை. மூட்டையும் அவரோடு போயிருந்தது. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காலனியின் ஆண்கள் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார்கள். லாண்டரி ஆள் ஒருவர் டேப்போடு வந்து வண்டி நின்ற இடத்தை அளந்துவிட்டும் போனார். அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டார், நானாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சைக்கிளில் மூட்டை வந்தது. இருபத்திரண்டு ஜெர்சி. முதுகும் கையும் வழக்கம்போலக் கத்தி முனை. முன்பக்கம் அவ்வளவு விறைப்பில்லை. ஆனால் ஒரு சுருக்கம் இல்லை. செக்ரட்டரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்டிப்பா பேசினா எல்லாம் நடக்கும்" என்றார். "கொடி இல்லைன்னு அவரே ஒத்துக்கிட்டார் பாருங்க" என்று கார்த்திக் குரூப்பில் போட்டான். லாண்டரிக்காரரின் டேப் திரும்பி வரவில்லை.

மேட்ச் நடந்தது. ஆள் குறைந்ததால் ஏ பிளாக்குக்கு என்னையும் ஆட விட்டிருந்தார்கள். அண்ணன் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு, பந்தைப் பிடிக்க யார் பாய்ந்தாலும், "நெஞ்சு மண்ணுல படக்கூடாது, நெஞ்சு மண்ணுல படக்கூடாது" என்று கத்தினார். அதனால் இரண்டு டீமிலும் ஒருவரும் விழுந்து பிடிக்கவில்லை. அன்று போன பவுண்டரிகளை எண்ண அவரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். யார் ஜெயித்தார்கள் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

இடைவேளையில் டீ கொடுத்தார்கள். அண்ணன் டம்ளரை இடது கையால் வாங்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணி மூட்டையைக்கூட இடது கையால் நீட்டினால் வாங்காத மனிதர் அவர்.

"வலது கைக்கு என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சார்" என்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கச் சிவந்து, அங்கங்கே கொப்புளம் கட்டித் தோல் உரிந்திருந்தது.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதுகுக்கும் கைக்கும் பெட்டி வைத்திருக்கிறார். முன்பக்கத்துக்கு மட்டும், பக்கத்தில் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு, பெட்டியால் அதைச் சூடேற்றி, அந்தச் சூட்டில் உள்ளங்கையை வைத்து, கையால் ஜெர்சியைத் தேய்த்திருக்கிறார். ஒரு ஜெர்சிக்கு எத்தனை முறை கை வைத்தார் என்று அவரே எண்ணவில்லையாம். இரண்டு நாள், இருபத்திரண்டு ஜெர்சி.

"பாலியஸ்டர் சார், கை சூடே போதும் அதுக்கு. உங்க காட்டன் சட்டை மாதிரி பேஜார் பண்ணல."

"அது கொடிதான்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் எங்க சார் முடிவு பண்றது? படிச்சவங்க உங்களாலயே முடியல." டீயை ஒரு வாய் குடித்தார். "பன்னண்டு குச்சி கீது. அதுக்காவ பாதி மரியாதையா குடுக்க முடியும்? கொடின்னே வெச்சிக்கினேன்."

அவர் கையை நான் இன்னும் விடவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

போன வருஷம் நாங்கள் பொழிச்சலூருக்குக் குடி வந்துவிட்டோம். இங்கே தலைக்குமேல் விமானம் போகிறது. கீழே ஸ்டீம் அயர்ன் கடை இருக்கிறது, எதன்மேல் வேண்டுமானாலும் கேள்வி கேட்காமல் பெட்டியை வைக்கிறார்கள். அந்த ஜெர்சி மட்டும் என் பீரோவின் கீழ்த்தட்டில், மேட்ச் முடிந்து கழற்றி மடித்தபடியே கிடக்கிறது. வியர்வை நாற்றம் தாங்கவில்லை, துவைக்கப் போடுங்கள் என்று மனைவி மாதம் ஒருமுறை சண்டை போடுகிறாள். துவைத்தால் கசங்கும். கசங்கினால் கீழே உள்ள கடையில் கொடுக்க மனசு வராது, சக்கரம் அண்ணன்தான் மறுபடியும் கையால் தேய்க்க வேண்டியிருக்கும். நாற்றம் இருந்துவிட்டுப் போகட்டும்.